கூடைப்பந்தாட்டப் பாணியும் தரவுக் கணக்கும்: மைதானத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் முதல்தரக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யின் இறுதிச்சுற்று நடக்கும் ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் ஆட்டம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். பெடியள் ரியூசனுக்குப் போகிற வழியில் போனில் பார்த்துவிட்டு, பின்னேரம் பயிற்சிக்கு வரும்போது கேள்வியோடு வருவார்கள். நான் பகலில் கணக்குப் படிப்பிக்கிறேன். பின்னேரத்தில் பாடசாலைப் பெடியளின் கூடைப்பந்தாட்டப் பயிற்சிக்கு உதவியாக நிற்கிறேன். பெடியள், பெற்றோர், பழைய விளையாட்டுக்காரர் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை அவரவர் வாய்ச்சொல்லிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். லேசானவை முன்னுக்கு, சிக்கலானவை பின்னுக்கு.

அண்ணை, கண்ணால பாத்தா விளங்காதோ? உந்தக் கணக்கு எதுக்கு?

கண்ணால் பார்த்தால் விளங்கும். பார்க்காமல் கணக்கு மட்டும் பார்க்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் கண் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஞாபகம் வைப்பதில்லை. கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரு ஷொட் ஒரு வருடத்துக்கு நிற்கும். இரண்டாம் கால்பகுதியில் வரிசையாகத் தவறியவை வீட்டுக்குப் போகும் முன்பே மறந்துபோகும்.

எங்கள் பெடியன் ஒருவனை எல்லாரும் "இடப்பக்க மூலைக்காரன்" என்றுதான் சொல்வார்கள். அவனும் அப்படித்தான் நம்பினான். ஒரு தவணை முழுக்க அவன் எறிந்த இடங்களைக் கொப்பியில் குறித்தோம். இடப்பக்க மூலையில் குறிகள் ஐதாகக் கிடந்தன. ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிகை) கோட்டின் வலப்பக்க நுனியில்தான் பேனை மை ஒன்றன்மேல் ஒன்றாக ஊறிப்போயிருந்தது. முந்தைய வருடம் ஒரு பெரிய ஆட்டத்தில் இடப்பக்க மூலையிலிருந்து அவன் போட்ட இரண்டு ஷொட்தான் அந்தப் பெயரைக் கொடுத்திருந்தது.

பாணி எண்டா என்ன? நல்லா விளையாடுறதும் பாணியும் ஒண்டுதானே?

இரண்டும் வேறு. நன்றாக விளையாடுவது "எவ்வளவு" என்ற கேள்வி. பாணி "எப்படி" என்ற கேள்வி. இந்தப் பக்கத்தில் வருகிற மற்ற எல்லாப் பதிலும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது, அதனால் ஒரு உதாரணம் வடிவாகச் சொல்கிறேன்.

ஒரு பருவம் முழுக்கப் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷொட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்யும் பாஸ்) மூன்றிலும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் சராசரி வைப்பது அபூர்வம். 2016-17 இல் ரசல் வெஸ்ட்புறூக் 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் எடுத்தார். 2024-25 இல் நிகொலா யோகிச் 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். தாளில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆட்டத்தைப் பாருங்கள். வெஸ்ட்புறூக் பந்தை எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் கூடைக்குப் பாய்கிறவர். தடுப்பு அவரை நோக்கிச் சுருங்கும்போது வெளியில் நிற்பவனுக்குப் பந்து போகும். யோகிச் உயரமான சென்டர், அதாவது வழக்கமாகக் கூடையடியில் நிற்கும் இடத்துக்காரர். ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நின்று, அதிகம் ஓடாமல், வெட்டி ஓடுகிறவனின் கைக்குப் பந்தை அனுப்புகிறவர். மொத்தங்கள் இதைச் சொல்லாது. பந்தை எங்கே வாங்கினார், எத்தனை தரம் தட்டினார், பிறகு என்ன செய்தார் என்ற பங்குகள்தான் சொல்லும்.

ஒரு மட்ச்சுக்கு இத்தனை புள்ளி எண்ட சராசரி காணாதோ?

காணாது. எத்தனை தரம் பந்து கிடைத்தது என்று தெரியாமல் எத்தனை புள்ளி என்று சொல்வதில் பாதி அர்த்தம்தான் உண்டு. துடுப்பாட்டத்தில் ஓட்டத்தோடு பந்துகளின் எண்ணிக்கையையும் கேட்கிறோம் அல்லவா, அதேதான்.

1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் மினியாபொலிஸ் லேக்கர்ஸை வென்றது 19க்கு 18 என்ற கணக்கில். பந்தை வைத்துக்கொண்டு நின்றால் யாரும் கேட்க முடியாத காலம் அது. 1954-55 இல், பந்து கிடைத்து 24 விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி வந்தது. டானி பியசோன் என்ற அணி உரிமையாளர் எளிமையாகக் கணக்குப் போட்டார். பார்க்க நன்றாக இருக்கும் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்த்து ஏறத்தாழ 120 ஷொட் எறிகின்றன. 48 நிமிடம் என்றால் 2880 விநாடி. 2880 ஐ 120 ஆல் பிரித்தால் 24. கூடைப்பந்தாட்டத்தை மாற்றிய முதல் தரவுக் கணக்கு இதுதான் என்பது என் எண்ணம். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய பிரித்தல்.

பிறகு வேகம் மறுபக்கம் போனது. வில்ட் சேம்பர்லைன் ஆட்டத்துக்கு 50.4 புள்ளி எடுத்த 1961-62 இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு ஷொட்டுக்கு மேல் எறிந்தது. அவர் பெரிய ஆட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனால் அந்த 50 ஐயும் இன்றைய 30 ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏலாது. அதனால்தான் நூறு பொசெஷனுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். ஓர் அணியின் கையில் பந்து வந்து, மற்ற அணியின் கைக்குப் போகும்வரை ஒரு பொசெஷன்.

பொசெஷனை எப்பிடி எண்ணுறது? ஆட்டம் முழுக்க ஒராள் எண்ணிக்கொண்டு இருக்கவேணுமோ?

தேவையில்லை, ஸ்கோர் சீட்டிலிருந்தே கிட்டத்தட்டக் கண்டுபிடிக்கலாம். எறிந்த ஷொட்டுகளோடு பறிகொடுத்த பந்துகளைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். தாங்கள் தவறவிட்ட ஷொட்டில் தாங்களே எடுத்த ரீபவுண்ட்களைக் கழியுங்கள், ஏனென்றால் அங்கே பந்து கைமாறவில்லை.

உதாரணத்துக்கு 60 ஷொட், 20 ஃப்ரீ த்ரோ, 15 பறிகொடுத்தவை, 10 ரீபவுண்ட் என்றால் 60 + 8.8 + 15 − 10, அதாவது 74 அளவில். அணி எடுத்தது 70 புள்ளி என்றால், நூறு பொசெஷனுக்கு ஏறத்தாழ 95.

அந்த 0.44 எங்கால வந்தது?

ஃப்ரீ த்ரோ எப்போதும் இரண்டிரண்டாக வந்து பொசெஷனை முடித்தால் 0.5 என்று போடலாம். ஆனால் ஷொட்டும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் ஒன்றுதான் எறிவார்கள், அந்தப் பொசெஷன் ஷொட் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. மூன்று எறிகிற சந்தர்ப்பமும், டெக்னிக்கல் ஃபவுலும் (ஒழுங்கு மீறலுக்கானது) உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்.பி.ஏ.யில் 0.44 க்குக் கிட்ட வருகிறது. எங்கள் ஆட்டங்களில் சற்று மாறலாம், ஆனால் இரண்டு அணிக்கும் ஒரே எண்ணைப் போட்டால் ஒப்பிடுவதில் பிழை வராது.

நாலு போட்டவனை விட அஞ்சு போட்டவன் தானே நல்ல ஷூட்டர்?

பத்தில் ஐந்து இரண்டு புள்ளி ஷொட் போட்டால் 10 புள்ளி. பத்தில் நான்கு மூன்று புள்ளி ஷொட் (தூரத்து வளைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) போட்டால் 12 புள்ளி. வெறும் வீதம் இதை மறைக்கிறது. அதனால் மூன்று புள்ளி ஷொட் ஒவ்வொன்றையும் ஒன்றரையாக எண்ணுகிற திருத்திய வீதம் ஒன்று இருக்கிறது. அதன்படி முதலாமவர் 50 வீதம், இரண்டாமவர் 60 வீதம்.

என்.பி.ஏ.யில் மூன்று புள்ளிக் கோடு வந்த 1979-80 இல் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று தரம்கூட அங்கிருந்து எறியவில்லை. 2011-12 இல் 18 தரம். 2024-25 இல் 37 தரத்துக்கு மேல். நடுத் தூரத்திலிருந்து 40 வீதம் போட்டால் ஒரு ஷொட்டுக்கு 0.8 புள்ளி, கோட்டுக்கு வெளியிலிருந்து 35 வீதம் போட்டாலே 1.05. இந்த இரண்டு எண்களையும் பயிற்றுவிப்பாளர்கள் உண்மையில் நம்பத் தொடங்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

அப்ப ஹூஸ்டன் 27 ஷொட் தொடர்ந்து விட்டதே. கணக்குத் தோத்திட்டுது எண்டுதானே அர்த்தம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். 2017-18 இல் ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் இரண்டு புள்ளி ஷொட்டை விட மூன்று புள்ளி ஷொட் அதிகம் எறிந்த முதல் என்.பி.ஏ. அணி ஆனது. 65 ஆட்டம் வென்றது. பிறகு மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில், கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸோடு, 44 எறிந்து 7 மட்டும் போட்டது. இடையில் தொடர்ச்சியாக 27 தவறின. 101க்கு 92 என்று தோற்றது.

கணக்காகவே பார்ப்போம். ஒவ்வொரு ஷொட்டும் 35 வீதம் விழக்கூடியது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்றால், குறிப்பிட்ட 27 ஷொட் வரிசையாகத் தவறுவதற்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புத்தான். அவ்வளவு சின்ன எண் வரும்போது "துரதிர்ஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. நாம் எடுத்த அனுமானம் பிழை என்றே நினைக்கிறேன். ஷொட்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. ஹூஸ்டனின் முக்கிய ஆட்டக்காரர் இருவரில் கிறிஸ் போல் காயத்தால் வெளியே இருந்தார், ஜேம்ஸ் ஹார்டன்தான் பந்தைச் சுமந்தார், கால்கள் களைத்திருந்தன, எதிரில் நின்றது நல்ல தடுப்பு. 35 வீதம் என்பது பருவம் முழுவதன் சராசரிக்குக் கிட்டிய எண், அந்த இரவின் அந்தக் கால்களுடையது அல்ல. அதே அணியை அந்த ஆட்டம் வரைக்கும் கொண்டுவந்ததும் அதே கணக்குத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அஞ்சு பொசிஷன் தானே இருக்கு? 13 இருக்கெண்டு ஆரோ சொன்னதாம்?

பொசிஷன் என்பது களத்தில் ஒருவர் ஏற்கும் வேலை. 13 என்று சொன்னவர் முத்து அழகப்பன். பெயரைக் கேட்டதும் எங்கள் பெடியள் நிமிர்ந்து உட்காருவார்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 2012 இல் பொஸ்டனில் நடந்த ஸ்லோன் விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் இதை வைத்தார். 2010-11 பருவத்தின் 452 ஆட்டக்காரரை எடுத்து, ஒரு நிமிடத்துக்குப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், பறிப்பு, தடுப்பு, பறிகொடுத்தது, ஃபவுல் என்ற ஏழு அளவுகளைக் கொண்டு, ஒருவரைப் போல் மற்றவர் இருந்தால் பக்கத்தில் வைக்கும் வலைப்படமாக வரைந்தார். 13 கூட்டம் தெரிந்தது, அவைதான் அந்த 13 பொசிஷன்.

அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு குறை உண்டு. 13 இல் இரண்டு மூன்று கூட்டம் "முதல்தர ஆட்டக்காரர்" என்ற மாதிரியான பெயரோடு வந்தன. அது பாணியல்ல, தரம். மேலே சொன்ன "எவ்வளவு", "எப்படி" இரண்டும் அங்கே கலந்துவிட்டன. ஏழு அளவும் எண்ணிக்கைகளாக இருந்ததால் கலக்கத்தான் செய்யும்.

கொம்பியூட்டர் எப்பிடி ஆக்களைப் பிரிக்குது? நாங்கள் சொல்லிக்குடுக்கிறமோ?

சொல்லிக்கொடுப்பதில்லை. திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கடகம் நிறைய மாம்பழம் கலந்து கிடக்கிறது என்று வையுங்கள். கறுத்தக்கொழும்பான், அம்பலவி, செம்பாட்டான் எல்லாம் ஒன்றாக. உங்களுக்கு ஒரு பெயரும் தெரியாது, ஒரு தராசும் அளவுநாடாவும் மட்டும் கையில். ஒவ்வொரு பழத்தின் நிறை, நீளம், சுற்றளவு எழுதுகிறீர்கள். மூன்று கும்பல் வேண்டும் என்று தீர்மானித்து, ஏதோ மூன்று பழத்தைத் தனித்தனியே வைக்கிறீர்கள். மற்ற ஒவ்வொன்றையும், அளவில் எதற்குக் கிட்ட இருக்கிறதோ அதன் பக்கத்தில் போடுகிறீர்கள். பிறகு ஒவ்வொரு கும்பலின் சராசரியையும் எடுத்து, அந்தச் சராசரியை வைத்து மறுபடியும் பிரிக்கிறீர்கள். ஒரு பழமும் இடம் மாறாத நிலை வரும்வரை இதையே திரும்பச் செய்தால், பெயர் தெரியாமலே அம்பலவி ஓரளவுக்கு ஒரு பக்கம் சேர்ந்திருக்கும். பெயர் வைப்பது கடைசியில், பழத்தைத் தெரிந்த மனிசர் வந்து பார்த்து. ஆட்டக்காரருக்கும் இதே முறைதான், கொத்தாக்கம் என்பார்கள்.

இதில் ஒரு குழி உண்டு, நான் விழுந்திருக்கிறேன். நிறை கிராமில் 400, 600 என்று வரும், நீளம் சென்ரிமீற்றரில் 10, 14 என்று வரும். அப்படியே போட்டால் பெரிய எண்ணான நிறை மட்டும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். என் முதல் முயற்சியில் ஆட்டக்காரர் விளையாடிய நிமிடங்களையும் ஒரு நிரலாகச் சேர்த்திருந்தேன். மூன்று இரவு வேலை செய்து கிடைத்த கொத்துகள், அதிகம் விளையாடியவர், குறைய விளையாடியவர் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. ஒவ்வோர் அளவையும் சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் (எண்கள் பொதுவாகச் சிதறும் அளவு) தள்ளி நிற்கிறது என்று மாற்றிய பிறகுதான் போட வேண்டும். உயர்தரப் புள்ளிவிபரவியல் படித்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை.

எத்தினை கொத்து சரி?

சரியான ஒரு எண் கிடையாது. மூன்று போட்டால் உயரம், நடுத்தரம், கட்டை என்று வரும், அது கண்ணுக்கே தெரியும். நாற்பது போட்டால் ஆளுக்கொரு கொத்து. நான் பார்ப்பது இரண்டு விஷயம். அடுத்த பருவத்தின் தரவைப் போட்டாலும் அதே மாதிரிக் கொத்துகள் வருகின்றனவா? ஆட்டம் தெரிந்த ஒருவருக்குப் பெயர்களைக் காட்டினால், இவர்கள் ஏன் ஒன்றாக இருக்கிறார்கள் என்று அவரால் சொல்ல முடிகிறதா? இரண்டுக்கும் ஓம் என்றால் காணும். இரண்டு கொத்துக்கு நடுவில் நிற்பவரை இழுத்து ஒரு பக்கம் கட்டத் தேவையில்லை. நடுவில் நிற்பதே அவர் பாணியாக இருக்கலாம்.

பாணியைப் பாக்க எந்தெந்தத் தரவைப் போடவேணும்?

பங்குகளைப் போடுங்கள். எறிந்த ஷொட்டில் கூடையடி எத்தனை பங்கு, நடுத்தூரம் எத்தனை, மூலை எத்தனை, வளைவுக்கு வெளியே எத்தனை. போட்டவற்றில் மற்றவரின் பாஸ் வாங்கிப் போட்டது எத்தனை, தானாக உருவாக்கியது எத்தனை. அணியின் பொசெஷனில் எத்தனை பங்கு இவர் கையில் முடிகிறது. என்.பி.ஏ.யின் சொந்த இணையத்தளத்தில் 1996-97 பருவத்திலிருந்து ஒவ்வொரு ஷொட்டும் எந்த இடத்திலிருந்து எறியப்பட்டது என்பது இருக்கிறது, காசு கொடுக்கத் தேவையில்லை. கிர்க் கோல்ட்ஸ்பெரி என்ற புவியியல் அறிஞர் இந்த மாதிரித் தரவைத்தான் வரைபடமாக்கி, ஒவ்வொருவரும் களத்தில் எங்கே வாழ்கிறார்கள் என்று காட்டினார்.

விழுந்த வீதத்தைப் பாணிக் கணக்கில் போடாதீர்கள். போட்டால் முத்து அழகப்பனின் படத்தில் நடந்ததே நடக்கும், நல்லவர்கள் ஒரு மூலையில் கூடிவிடுவார்கள்.

இப்ப கமராவாலயே எல்லாம் அளக்கினமாமே?

ஓம். 2013-14 முதல் எல்லா என்.பி.ஏ. அரங்கிலும் கூரையில் ஆறு கமரா பூட்டி, விநாடிக்கு 25 தரம் பத்து ஆட்டக்காரரும் பந்தும் நிற்கும் இடத்தைக் குறித்தார்கள். 48 நிமிடத்துக்கு 72,000 தரம். அதைப் பதினொன்றால் பெருக்கினால் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் இடக்குறிப்பு. 2017-18 இல் வேறொரு நிறுவனத்தின் முறை வந்தது. 2023-24 முதல், துடுப்பாட்டத்தில் எல்.பி.டபிள்யூ. பார்க்கிற அதே ஹோக்-ஐ உடம்பின் மூட்டுகளையும் பின்தொடர்கிறது.

இதால் வந்த பெரிய மாற்றம், பந்து இல்லாதவனும் தரவுக்குள் வந்தது. ஸ்டீபன் கரி 2015-16 இல் 402 மூன்று புள்ளி ஷொட் போட்டார் என்று ஸ்கோர் சீட் சொல்லும். பந்து கையில் இல்லாதபோது ஸ்கிரீன்களைச் சுற்றி (தடுப்பாளருக்குக் குறுக்கே நிற்கும் தன் அணியாரைச் சுற்றி) அவர் ஓடிய ஓட்டமும், அவரைத் துரத்த இரண்டு பேர் போனதால் கூடையடியில் வேறொருவனுக்குத் திறந்த இடமும் ஸ்கோர் சீட்டில் கிடையாது.

தடுப்பாட்டத்தை என்னெண்டு அளக்கிறது? ஸ்டீல், புளொக் எண்ணினா காணுமே?

பறித்ததையும் (ஸ்டீல்) எறிந்த பந்தைத் தட்டிவிட்டதையும் (புளொக்) மட்டும் எண்ணினால் காணாது, இதுதான் இன்னும் கஷ்டமான இடம். பறிக்கப் பாய்ந்து தவறினால் பின்னால் வழி திறந்துவிடும், அந்தத் தவறை ஸ்கோர் சீட் எழுதாது. நல்ல தடுப்பின் பலன் பல தரம் "ஒன்றும் நடக்கவில்லை" என்பதுதான். ஹூஸ்டனில் விளையாடிய சேன் பற்றியர் இதற்குப் பெயர்போனவர். அவருடைய சொந்த எண்கள் சாதாரணம். ஆனால் எதிரணியின் பெரிய ஆட்டக்காரரை அவர் விருப்பமில்லாத இடத்திலிருந்து எறிய வைப்பார். யார் எங்கிருந்து மோசமாக எறிகிறார்கள் என்ற தரவை அணி அவருக்குக் கொடுத்தது, அவர் அதைப் படித்துவிட்டு வந்து நின்றார்.

இதற்காகத்தான் பிளஸ் மைனஸ் வந்தது. ஒருவர் களத்தில் நிற்கும்போது அணி எத்தனை புள்ளியால் முன்னேறுகிறது, அவர் இல்லாதபோது எத்தனை என்று பார்ப்பது. இதில் பொறி உண்டு. துடுப்பாட்டத்தில் மறுமுனையில் நல்ல ஆட்டக்காரர் நின்றால் இணைப்பாட்டம் நூறைத் தாண்டும், அதற்காக இருவருக்கும் சமபங்கு கொடுக்க ஏலாது. யார் யாரோடு, யாருக்கெதிராக நின்றார்கள் என்பதையெல்லாம் சமன்பாட்டில் வைத்துத் திருத்திய பிறகே இதை நம்பலாம், அதுவும் பல ஆட்டங்களின் பிறகு.

தனி ஆளுக்கு மட்டுமோ, அணிக்கும் பாணி இருக்கோ?

இருக்கிறது. 2004-05 இல் ஸ்டீவ் நாஷ் வழிநடத்திய பீனிக்ஸ் சன்ஸ் பந்து கிடைத்த சில விநாடிகளிலேயே எறிந்தது, 62 ஆட்டம் வென்றது. 2014 இல் சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் பந்தை ஒருவர் கையில் நிற்கவிடாமல் சுற்றியே மியாமியை 4க்கு 1 என்று வென்றது. டீன் ஒலிவர் என்பவர் அணியின் வெற்றியை நான்காகப் பிரித்தார்: திருத்திய ஷொட் வீதத்துக்கு 40 பங்கு, பந்தைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15. ஓர் அணி இந்த நான்கில் எதை விட்டுக்கொடுத்து எதைப் பிடிக்கிறது என்று பார்த்தாலே பாணி தெரியத் தொடங்கும்.

தம்பி, தரவு வந்து எல்லாரையும் ஒரே மாதிரி ஆக்கிப்போட்டுதே?

பழைய விளையாட்டுக்காரர் ஒருவர் வருத்தத்தோடு கேட்டது. எறியும் இடங்கள் ஒன்றுபோல ஆகிவிட்டன என்பது உண்மை. நடுத்தூர ஷொட் குறைந்துபோனதில் எனக்கும் கவலை இருக்கிறது, டிமார் டிரோசனின் கால் அசைவைப் பார்த்துப் பழகியவன் நான். ஆனால் அந்த இடத்துக்கு எப்படி வருகிறார்கள் என்பது ஒன்றுபோல ஆகவில்லை. ஹார்டன் தனியே பந்தைத் தட்டிக்கொண்டு நின்று பின்வாங்கி எறிவது ஒரு வழி, கரி பந்தில்லாமல் ஓடி வந்து எறிவது இன்னொரு வழி. ஷொட் வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளிகள். படத்தோடு நின்றுவிட்டால் ஐயா சொல்வது சரியென்றுதான் தோன்றும்.

நடுத்தூர ஷொட்டைத் தரவு வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. 24 விநாடியில் மூன்று விநாடி மிச்சமிருக்கும்போது கெவின் டுரான்ட் அங்கிருந்து எறிவது, அந்த நேரத்தில் கிடைக்கக்கூடிய நல்ல ஷொட்.

என்.பி.ஏ. முடிவுகளை எங்கட பெடியளுக்கு அப்பிடியே எடுக்கலாமோ?

கூடாது. மூலை ஷொட்டைப் பாருங்கள். என்.பி.ஏ.யில் வளைவு 7.24 மீற்றர், மூலையில் 6.71 மீற்றர். அரை மீற்றருக்கு மேல் கிட்ட. அதனால் அங்கே மூலை பெரிய லாபம். நாங்கள் விளையாடுவது சர்வதேச அளவுக் களத்தில், வளைவு 6.75, மூலை 6.60. பதினைந்து சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். "மூலையில போய் நில்" என்று தொலைக்காட்சியில் கேட்டுவிட்டுப் பெடியளை நிறுத்துகிறவர்கள் இதை அளந்து பார்ப்பதில்லை. என்.பி.ஏ.யில் கூடையடியில் தடுப்பாளர் மூன்று விநாடிக்கு மேல் யாரையும் காவல் காக்காமல் நிற்க முடியாது, 2001-02 இலிருந்து விதி. எங்கள் ஆட்டத்தில் அந்த விதி இல்லை. உயரமானவன் கூடையடியிலேயே நிற்பான், உள்ளே பாய்வது அங்கேயை விடக் கடினம்.

அதோடு கூரையில்லாத சீமெந்துத் தளம். சோளகம் வீசும் மாதங்களில் ஒரு பக்கக் கூடைக்கு எறியும் நீண்ட ஷொட் சொன்ன இடத்துக்குப் போகாது. நாங்கள் கொப்பியில் எந்தப் பக்கக் கூடை என்பதையும் எழுதுகிறோம்.

கமராவும் இல்லை, காசும் இல்லை. எங்களால என்ன செய்ய ஏலும்?

ஒரு சி.ஆர். கொப்பி, இரண்டு நிறப் பேனை, இரண்டு பேர். ஒவ்வொரு பக்கத்திலும் அரைக் களத்தை வரைந்துகொள்ளுங்கள், ஒரு கால்பகுதிக்கு ஒரு பக்கம். ஒருவர் கண்ணை எடுக்காமல் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "எட்டு, வலது நுனி, பாஸ் வாங்கி, இல்லை." மற்றவர் குனிந்தபடி அந்த இடத்தில் 8 என்று எழுதுவார். விழுந்தால் நீலம், தவறினால் சிவப்பு, பாஸ் வாங்கி எறிந்ததென்றால் கீழே ஒரு கோடு. இருவரும் மாறி மாறிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் இரண்டு ஷொட்டுக்கு ஒன்று தவறும். வீட்டுக்கு வந்து கூகுள் சீட்டில் ஏற்றினால் மேலே சொன்ன பங்குகள் எல்லாம் கிடைக்கும்.

அஞ்சு மட்ச் தானே விளையாடினது. அதை வச்சு முடிவு எடுக்கலாமோ?

எந்த முடிவு என்பதைப் பொறுத்தது. உண்மையில் 35 வீதம் போடக்கூடியவன் 20 ஷொட் எறிந்தால், 25 வீதமும் வரலாம், 45 வீதமும் வரலாம். இரண்டும் சாதாரணம். ஆகவே ஐந்து ஆட்டத்தை வைத்து "இவனுக்குக் கை இல்லை" என்று சொல்வது கணக்குப்படி பிழை. ஆனால் எங்கிருந்து எறிகிறான் என்ற பங்கு சீக்கிரமே ஒரு நிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் அதை அவன்தான் தெரிவு செய்கிறான், பந்து வளையத்தில் எப்படிப் பட்டது என்பது அதில் இல்லை. மூலைக்காரன் என்று பெயரெடுத்த எங்கள் பெடியனின் விஷயமும் வீதத்தால் தெரிந்ததல்ல, இடங்களால் தெரிந்தது.

தம்பி, என்ர மகனைக் கொப்பியைப் பாத்தோ வெளியில இருத்தினனீங்கள்?

இல்லை அம்மா. நேரே கேட்டது நல்லது. யாரையும் இருத்துவது பயிற்றுவிப்பாளரின் தீர்மானம், அவர் ஆட்டத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார். கொப்பி எதைப் பயிற்சி செய்வது என்று தெரிந்துகொள்ள. முதல் வருடம் நான் எல்லாருடைய வீதங்களையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடைசியில் இருந்த பிள்ளை அதற்குப் பிறகு இரண்டு ஆட்டத்தில் ஒரு ஷொட்டும் எறியவில்லை, பந்து வந்ததும் திரும்பக் கொடுத்துக்கொண்டே நின்றான். தாளைக் கழற்றினேன். இப்போது ஒவ்வொருவரின் பக்கமும் அவரவருக்கு மட்டும்தான் காட்டப்படும், வீதத்தை விட்டு இடங்களைப் பற்றி மட்டும் கதைப்போம்.

மகள் நெட்போல் விளையாடுறா. இது அவவுக்கும் பொருந்துமோ?

பொருந்தும், ஆனால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேர், யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்பதை விதியே சொல்கிறது, எறியக்கூடியவர் இருவர் மட்டும். அதனால் எறியும் இடத்தைக் கொத்தாக்கிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தை எல்லாருக்கும் தெரியும். ஆறடி பத்து அங்குல உயரம், பந்து கைக்கு வந்தால் பெரும்பாலும் உள்ளேதான். அப்படியொருவர் இருக்கும் அணியின் பாணி ஷொட்டில் தெரியாது, பந்து அவர் கைக்கு வந்த வழியில் தெரியும். யார் கொடுத்தார், எந்தப் பக்கத்திலிருந்து, உயரத் தூக்கியா நேராகவா, நடுக்களத்திலிருந்து எத்தனை பாஸில்.

மகளின் அடுத்த ஆட்டத்தில் கடைசி மூன்று பாஸை மட்டும் எழுதிப் பாருங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு என்று இரண்டு எழுத்துக் காணும். கொப்பியைப் பின்னேரப் பயிற்சிக்குக் கொண்டுவந்தால் சேர்ந்திருந்து பார்க்கலாம்.